கண்கூசும் மையமும் மண்டலத்தின் வடிவமும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரம், அப்பிரதேசத்தைக் கடல் தழுவியிருந்த, ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முந்திய யுகத்தைச் சேர்ந்ததென்று புவியியல் அறிஞர் கூறுவர்; அரியலூர்ப் பாறைகளிலும் அப்பண்டைக் கடல் தன் பிராணிகளின் ஓடுகளைப் பதித்துச் சென்றிருக்கிறது. அம்மரம் புதைந்த காலத்தையொட்டிப் புறப்பட்ட ஒளிதான், சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 3783 என்னும் நட்சத்திர மண்டலத்திலிருந்து, சித்திரை மாத முன்னிரவில் இவ்வூர்களின் தென்வானத்திற்கு இன்று வந்து சேருகிறது.

அம்மண்டலத்தின் மையத்திலே, சூரியனைப் போல் ஏறத்தாழ 3 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையொன்று சுற்றியுள்ள வாயுவை ஈர்க்க, அவ்வாயு சுழன்று விழுகையில் கடும் வெப்பமுற்றுப் பெருஞ்சோதியாய்ப் பிரகாசிக்கிறது. இத்தகைய மையங்களைக் கார்ல் சைஃபர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1943-ல் விவரித்தார். இவ்வினத்தில் மிக உக்கிரமான குவாசர்களிலோ, மையத்தின் ஒளி மண்டலம் முழுவதன் ஒளியையும் விஞ்சிவிடும். திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வருபவரின் முகம் நம் கண்ணுக்குப் புலப்படாததுபோல, அம்மண்டலத்தின் ஸ்வரூபமும் மறைந்துபோகிறது.

வடிவத்தை அளக்க வேண்டுமாயின், முதலில் அந்தக் கூச்சத்தை அளக்க வேண்டும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-ல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியே ஆயினும், வாயுமண்டலத்தின் சலனத்தால், புள்ளியாகிய நட்சத்திரத்தைச் சற்றே பரந்த வட்டமாகத்தான் அது காட்டும். ஆகவே, அதே படத்தில் அருகே விழுந்த தனி நட்சத்திரமொன்றின் பரவலை அளந்து, மையத்தின் பிரகாசத்திற்கேற்ப அதைப் பெருக்கி, மண்டலத்தின் படத்திலிருந்து கழிக்கிறார்கள். எஞ்சிய ஒளி, மையத்திலிருந்து விலக விலக எவ்விதம் குன்றுகிறதென்பதை, ஆர்ஜென்டீன விஞ்ஞானி செர்சிக் வகுத்த சூத்திரத்தால் ஓர் எண்ணாக்குகிறார்கள்: அவ்வெண் 1-ஐ ஒட்டியிருப்பின் தட்டையான தகடு, 4-ஐ ஒட்டியிருப்பின் நீள்வட்டத் திரள். கழித்தலில் நேரும் சிறு பிழையும், இல்லாத உருண்டைத் திரளொன்றை மையத்தில் உண்டாக்கிக் காட்டுமாதலால், இப்பணியிலே மிகுந்த பொறுமை வேண்டியது இவ்விடத்தில்தான் என்பேன்.

இவ்வளவு சிரமமும் எதற்கென்றால், கருந்துளைக்கு இரை எவ்வாறு வந்து சேருகிறது என்பதை வடிவமே சொல்லுகிறது. இரு மண்டலங்கள் மோதியிருந்தால் வால் போன்ற நீட்சிகளும் கோணலான கரங்களும் தோன்றும். சைஃபர்ட் வகையினவற்றுள் பலவோ, குலையாத சுருள் வடிவத்தோடு காணப்படுகின்றன. என்.ஜி.சி. 3783-லும் நடுவே நட்சத்திரங்களாலாகிய பட்டையொன்று குறுக்கே கிடக்கிறது. அத்தகைய பட்டைகள் வாயுவை மெல்ல உள்ளே செலுத்த வல்லவை என்பதால், மோதல் ஒன்றே காரணமென்று கொள்வதற்கில்லை.