எவரெஸ்ட் அடிவாரத்தின் பள்ளிக்கூடங்கள்

நேபாளத்தின் கிழக்கில், சோலுகும்பு மாவட்டத்தின் வடகோடியில், திபெத் எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் கும்பு பகுதியை வெளியுலகம் எவரெஸ்ட் சிகரத்துக்குச் செல்லும் வழியாகவே அறிந்திருக்கிறது. ஆனால் அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஷெர்பா மக்களுக்கு அது வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்துவந்த மண்; 3,400 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர்களில், ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் கல் நிறைந்த நிலத்தில், உருளைக்கிழங்கும் பார்லியும் பக்வீட் எனப்படும் ஒருவகைத் தானியமும் பயிரிட்டு, யாக் எனப்படும் கவரிமாடுகளை வளர்த்து வாழ்ந்த சமூகம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கு வந்துசேர்ந்த உருளைக்கிழங்கு விரைவிலேயே முதன்மை உணவாகிவிட்டது. அறுவடையான கிழங்கு குளிரில் உறைந்து கெடாமலிருக்க, மண்ணில் குழி தோண்டிப் புதைத்து வைத்து, குளிர்காலம் முழுவதும் எடுத்து உண்பார்கள். கோடையில் மாடுகளை உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, அங்குள்ள கோடைக் குடில்களில் குடும்பத்தோடு தங்குவது வழக்கம். நடவுக்கும் அறுவடைக்கும் மாடு மேய்க்கவும் பிள்ளைகளின் கை தேவைப்பட்ட இந்த வாழ்க்கையில் பள்ளிக்கூடம் நுழைந்த விதமும், அது நிலைத்து நிற்பதற்காக அடுத்தடுத்து வந்துசேர வேண்டியிருந்த பிற வசதிகளும், மலைப்பகுதிக் கல்வியைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் அறிந்துகொள்ள வேண்டியவை.

1951 வரை நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்தினர் பொதுமக்கள் கல்வியை ஊக்குவிக்கவில்லை. தலைநகரிலேயே பள்ளிகள் அரிதாக இருந்த காலத்தில் கும்பு போன்ற எல்லைப்புற மலையூர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மடாலயங்களில் துறவிகள் திபெத்திய எழுத்தில் அமைந்த சமய நூல்களை ஓதக் கற்றார்கள் என்றாலும், ஒரு மனு எழுதவோ, கணக்குப் பார்க்கவோ, அரசாங்கக் காகிதம் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளவோ தேவையான கல்வி ஊராருக்குக் கிட்டவில்லை. நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்துடன் நடந்துவந்த உப்பு, தானிய வணிகம் 1950களின் இறுதியில் அங்கு ஏற்பட்ட அரசியல் மாற்றங்களால் நலிந்தபோது, விளைச்சலை மட்டும் நம்பி வாழ முடியாத நிலை உருவாகி, மலையேற்றக் குழுக்களோடும் அரசு அலுவலகங்களோடும் புழங்குவதற்கு எழுத்தறிவு இன்றியமையாததாகியது. கல்வி வேண்டும் என்ற எண்ணம் வெளியார் வந்து ஊட்டியதன்று என்பதை இந்தப் பின்னணி காட்டுகிறது.

1953இல் டென்சிங் நார்கேயுடன் எவரெஸ்ட் உச்சியை அடைந்த நியூசிலாந்து மலையேறி எட்மண்ட் ஹிலாரி, 1960–61ஆம் ஆண்டுகளில் உயர்மலை உடலியல் ஆய்வுக்காக மீண்டும் கும்புவுக்கு வந்திருந்தபோது, ஷெர்பாக்கள் அவரிடம் பள்ளிக்கூடம் ஒன்றைக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையை ஏற்று, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,790 மீட்டர் உயரத்தில் உள்ள கும்ஜுங் ஊரில் 1961இல் ஓர் அலுமினியக் கட்டடம் எழுப்பப்பட்டது. அதற்கான தகடுகளும் சட்டங்களும் இந்தியாவிலிருந்து நன்கொடையாகக் கிடைத்தன. முன்கூட்டியே வெட்டிப் பொருத்தத்தக்க வடிவில் செய்யப்பட்ட அவற்றைச் சிறு விமானத்தில் ஏற்றி, மலைமேல் அமைத்திருந்த ஒரு தற்காலிக ஓடுதளத்தில் இறக்கி, அங்கிருந்து ஆட்கள் முதுகில் சுமந்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடத்தைக் காட்டிலும் முக்கியமானது ஆசிரியர் தேர்வு: ஊர்ப் பிள்ளைகளின் மொழியை அறிந்தவராகவும் நேபாளியும் ஆங்கிலமும் கற்பிக்கக்கூடியவராகவும் இருந்த ஒரு ஷெர்பாவை டார்ஜிலிங்கிலிருந்து வரவழைத்தார்கள். வேற்று மொழி பேசும் ஆசிரியரின் முன் மலைப்பிள்ளைகள் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கும் நிலை, குறைந்தபட்சம் அந்த முதல் வகுப்பில், இதனால் நேராமல் போயிற்று.

1963இல் தாமே, பாங்போச்சே ஆகிய ஊர்களிலும் பள்ளிகள் கட்டப்பட்டன. அதே ஆண்டில் கும்புவில் பரவிய பெரியம்மையைத் தடுக்க, கட்டுமானத்துக்கு வந்திருந்த குழுவினரே ஊர் ஊராகத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. கும்ஜுங்குக்குக் குழாய் வழியாகக் குடிநீரும் கொண்டுவரப்பட்டது. குடிநீர்க் குழாயைப் பள்ளியோடு தொடர்பில்லாத வசதியாகக் கருதுவது தவறு. நீர் எடுக்கத் தொலைவு நடக்க வேண்டிய ஊர்களில் அந்த நடை பெரும்பாலும் பெண்களின் மீதும் பெண் குழந்தைகளின் மீதும் விழுகிறது என்பதால், வீட்டருகே குழாய் வந்தால் வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கிறது.

இவ்வளவு பணிகளுக்கும் தேவையான சிமெண்டு, தகடு, மரச்சட்டம், மருந்து ஆகியவற்றைக் காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆட்கள் சுமந்துவரும் நிலையில், சுமைகூலியே பொருளின் விலையை விழுங்கிவிடும். இதற்குத் தீர்வாகவே 1964இல் லுக்லா விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. முதலில் ஆற்றை ஒட்டிய சமதளமான விளைநிலத்தில் அதை அமைக்க எண்ணியதாகவும், நல்ல நிலத்தை இழக்க உழவர்கள் மறுத்துவிட்டதால் மேலே இருந்த சரிவான இடத்துக்குப் போக நேர்ந்ததாகவும் சொல்லப்படுகிறது. விளைநிலம் கைப்பிடி அளவே உள்ள மலையில் அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது. வளர்ச்சித் திட்டங்களுக்காக முதலில் நல்ல வயலைப் பறிக்கும் வழக்கம் பரவலாக உள்ள உலகில், இங்கே திட்டம்தான் இடம் மாறியது. நிலத்தை ஷெர்பாக்களிடமிருந்து 2,650 டாலருக்கு விலைகொடுத்து வாங்கி, அவர்களையே வேலைக்கு அமர்த்தி, புதர் வெட்டிக் கல் பொறுக்கி முடித்த பின்னரும் மண் பொதபொதவென்று இருந்ததால், உள்ளூர் மதுவை வாங்கிக் கொடுத்து, தோளோடு தோள் கோத்துத் தரையை உதைத்து ஆடும் ஷெர்பா நடனத்தை ஆடச்சொல்லி நிலத்தை இறுக்கியதாக அங்கு வழங்கும் செய்தி புகழ்பெற்றது. ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் மட்டுமே நீளமுள்ள அந்தச் சரிவான ஓடுதளம் 2001இல்தான் தார் கண்டது. 2008இல் அதற்கு டென்சிங்–ஹிலாரி விமானநிலையம் என்று பெயரிடப்பட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தளவாடம் இறக்க அமைந்த அந்த ஓடுதளமே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகளை இறக்கி, கும்புவின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டது. அமைத்தவர்கள் அதை அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை.

வான்வழியின் விலையும் சிறிதன்று. தெற்கே பாப்லுவில் கட்டப்பட்டுவந்த மருத்துவமனைக்குச் செல்லப் புறப்பட்ட சிறு விமானம் 1975இல் காத்மாண்டுவில் விழுந்து நொறுங்கியதில், ஹிலாரியின் மனைவியும் மகளும் உயிரிழந்தனர்.

கும்ஜுங்குக்குப் பக்கத்து ஊரான குண்டேயில் 1966இல் திறக்கப்பட்ட மருத்துவமனை, கல்வி வரலாற்றில் ஒரு பள்ளிக்கு நிகரான இடத்தைப் பெறத் தக்கது. தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பி இயங்குவதற்கு அயோடின் என்னும் தனிமம் சிறிதளவேனும் தேவை. மழையும் பனியாறுகளும் காலங்காலமாக அரித்துச்சென்ற மலைமண்ணில் அது மிகவும் குறைவு, திபெத்திலிருந்து வந்த பாறை உப்பிலும் அது போதிய அளவு இல்லை. இதனால் கும்புவில் பெரியவர்களிடம் முன்கழுத்துக் கழலை மிகச் சாதாரணமாகக் காணப்பட்டது. கருவுற்ற தாயிடம் அயோடின் பற்றாக்குறை கடுமையாக இருந்தால், பிறக்கும் குழந்தை செவித்திறனும் பேச்சும் அறிவு வளர்ச்சியும் குன்றியிருக்கும் கிரெட்டினிசம் என்ற நிலையும் அங்கே பலரிடம் இருந்தது. எத்தனை நல்ல ஆசிரியர் வந்தாலும் இந்தக் குறையை வகுப்பறையில் சரிசெய்ய இயலாது. அயோடின் கலந்த எண்ணெயை ஊசிவழியே செலுத்தினால் அதன் பயன் சில ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், நியூசிலாந்து மருத்துவர்கள் 1966 முதல் அந்த ஊசியை ஊர்மக்களுக்குப் போடத் தொடங்கினார்கள். பின்னர் அயோடின் சேர்த்த உப்பும் பரவலானது. அடுத்த தலைமுறையில் கிரெட்டினிசத்தோடு பிறக்கும் குழந்தைகள் அரிதானார்கள். கும்புவின் கல்விக்காகச் செய்யப்பட்டவற்றில் செலவு மிகக் குறைந்ததும் விளைவு மிக ஆழமானதும் இதுவே எனலாம்.

மின்சாரம் வந்த பாதை இவ்வளவு நேராக இல்லை. ஆஸ்திரியாவின் உதவியோடு நாம்சே பஜாருக்கு அருகே கட்டப்பட்டு முடியும் தறுவாயிலிருந்த சிறு நீர்மின் நிலையத்தை, 1985 ஆகஸ்ட் 4 அன்று திக் சோ என்ற ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம் அடித்துச் சென்றது. பனியாறு தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணுமே கரையாக நிற்கும் ஏரிகளில் பனிச்சரிவு விழுந்தால், நீர் கரையைத் தாண்டி வழிந்து அதை அரித்து உடைத்துவிடும். இதையே பனியாற்று ஏரி உடைப்பு வெள்ளம் என்கிறார்கள். அந்த ஒரே நாளில் 14 பாலங்களும் போயின. பாலம் போனால் அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் போயிற்று என்று பொருள். மின்திட்டம் இடம் மாற்றப்பட்டு, தாமே அருகே சுமார் 600 கிலோவாட் திறனுடன் 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. அதை நடத்துவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவான நிறுவனம். இதற்கிடையில் தியாங்போச்சே மடாலயத்துக்கு வந்த மின்சாரம், 1989இல் ஏற்பட்ட மின்கோளாற்றில் அம்மடாலயத்தையே எரித்துவிட்டது. பராமரிக்கத் தெரிந்த கை ஊரில் உருவாகும் முன்பே கருவி வந்துவிடுவது மலைப்பகுதித் திட்டங்களின் பழைய நோய்.

கும்ஜுங் தொடக்கப்பள்ளி காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஹிலாரி தொடங்கிய இமாலயன் டிரஸ்ட் சோலுகும்புவில் ஏறக்குறைய 30 பள்ளிகளுக்குத் துணைநின்றது. கும்ஜுங் பள்ளியின் தொடக்கக்கால மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்பா, 1976இல் உருவான சாகர்மாதா தேசியப் பூங்காவின் முதல் ஷெர்பா காப்பாளரானார். கும்பு மண்ணில் பிறந்த காமி தெம்பா ஷெர்பா, குண்டே மருத்துவமனையில் சுகாதார உதவியாளராகப் பணியாற்றி, ஃபிஜி நாட்டுக்குச் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, அதே மருத்துவமனையின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். வெளிநாட்டு மருத்துவர்களை நம்பியிருந்த நிலை அதோடு மாறியது.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. 1971இல் நேபாள அரசு தேசியக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்தையும் நேபாளி வழிக் கல்வியையும் வலியுறுத்தியபோது, ஷெர்பா மொழி வகுப்பறைக்கு வெளியே நின்றது. மற்றொரு குறை, சுற்றுலா வருவாய் பெருகப் பெருக, வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைக் காத்மாண்டுவின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியதால், கும்புவின் உள்ளூர்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்துவருவது. இதைப் பள்ளிகளின் தோல்வி என்று சிலர் கூறுவது பொருந்தாது. படித்தவருக்கு ஊரைவிட்டுப் போகும் உரிமையும் கல்வியின் பகுதியே. ஆனால் எஞ்சியிருப்பவர்கள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், தெற்கேயுள்ள ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் என்பதால், அவர்கள் படிக்கும் பள்ளிகளை ஊரில் செல்வாக்குள்ளவர்கள் மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எவரெஸ்ட் பாதையில் அமையாத, சுற்றுலாப் பயணிகளின் கண்ணில் படாத கீழ்ச் சோலு பகுதி ஊர்களுக்கு நன்கொடையாளர்களின் கவனம் அதே அளவில் கிட்டவில்லை என்பதும் உண்மை.

2015 ஏப்ரலிலும் மே மாதத்திலும் நேர்ந்த நிலநடுக்கங்கள் சோலுகும்புவில் ஏராளமான வகுப்பறைகளைச் சேதப்படுத்தின. கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய சுவர்களை அதிர்வு தாங்கும் வகையில் மீண்டும் எழுப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலேயிருந்த பனியாற்று ஏரிகளின் நீர் தாமேயில் புகுந்து, வீடுகள் பலவற்றோடு பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் அழித்தது. வெள்ளம் பகலில் வந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. 2015ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு, அடிப்படைக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்து, தாய்மொழியில் கற்கும் உரிமையையும் வழங்கியிருக்கிறது. ஆகவே ஆசிரியர் நியமனம், கட்டடப் பழுது, ஏரிகளின் நீர்மட்டக் கண்காணிப்பு, ஷெர்பா மொழிப் பாடம் ஆகியவற்றுக்கான பணம் இனி கும்பு பசாங் லாமு கிராமிய நகராட்சியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடையை எதிர்பார்த்து ஒரு பள்ளியின் ஓட்டைக் கூரை காத்திருக்கும் காலம் முடிவுக்கு வர வேண்டும்.