முட்டைக்கோழியின் ஆசனவாய்த் தொல்லைகள்: முன்கூட்டியே கண்டால் கோழி பிழைக்கும்

காலையில் கூட்டைத் திறக்கும்போது கோழியின் பின்புறத்தைத் தொட்டு, இன்று முட்டை உண்டா என்று பார்ப்பது நம் கிராமத்து வீடுகளில் இன்றும் இருக்கிற வழக்கம். முட்டை இருந்தால் அந்தக் கோழியைப் பஞ்சாரத்தில் அடைப்பார்கள், இல்லாவிட்டால் மேயவிடுவார்கள். முட்டையைத் தேடும் அந்தக் கை வாரம் ஒருமுறையாவது நோயையும் தேட வேண்டும். கொல்லைப்புறக் கோழிக்கு ஆசனவாயில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் எளிதாகத் தீரக்கூடியவை. இறகு மறைத்திருக்கும் இடம் என்பதால் நம் கண்ணில் படுவதற்குள் முற்றிவிடுகின்றன.

நலமான ஆசனவாய் எப்படி இருக்கும்?

கோழிக்கு எச்சம், சிறுநீர், முட்டை மூன்றும் வெளியேறுவது ஒரே வாய் வழியாகத்தான். எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதே அதன் சிறுநீர்.

முட்டையிடும் கோழியின் ஆசனவாய் அகலமாக, ஈரப்பசையுடன், வெளிறி இருக்கும். அதன் இருபுறமும் இருக்கும் இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையே இரண்டு மூன்று விரல் நுழையும். முட்டையை நிறுத்திய கோழிக்கு இந்த வாய் சுருங்கி உலர்ந்திருக்கும். எலும்பு முனைகளும் நெருங்கிவிடும். இவை நோயல்ல. நாளுக்கு ஓரிரு முறை பழுப்பு நிறத்தில் கூழாக, கடும் நாற்றத்துடன் வரும் எச்சமும், அடைக்கோழி கூட்டை விட்டு இறங்கியதும் போடும் பெரிய எச்சமும் இயல்பானவையே.

பிடித்துப் பார்க்கும் முறை

இருட்டிய பிறகு கோழி அடைந்திருக்கும்போது பிடித்தால் மிரளாது. அதன் தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கி, இறக்கைகளை முழங்கையால் அணைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு கையால் வாலைத் தூக்கி, இறகை ஊதி விலக்கி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், புண், ஒட்டிய எச்சம், பேன், புழு, நாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். ஒரு கோழியைத் தொட்ட விரலை அப்படியே அடுத்த கோழியிடம் கொண்டுபோனால் தொற்றும் கூடவே போகும்.

எச்சம் ஒட்டியிருந்தால்

காய்ந்த எச்சத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். தோலும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துணியால் துடைத்து, மிகவும் அழுக்கான இறகுகளை மட்டும் கத்தரித்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஈரமும் அழுக்கும் இருந்தால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு பொரித்துச் சதையைத் துளைக்கத் தொடங்கிவிடும். புழு கண்டால் இடுக்கியால் எடுத்து, உப்பு நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மண்ணெண்ணெயும் ஃபினாயிலும் ஊற்றுவது புண்ணைப் பெரிதாக்கும். கோழியின் உடலுக்கும் நஞ்சாகும்.

துடைத்த பிறகும் கழிச்சல் நிற்காவிட்டால் காரணம் உள்ளே இருக்கிறது. குடற்புழு, பூசணம் பிடித்த தீவனம், கோடை வெப்பத்தில் அளவு மீறித் தண்ணீர் குடிப்பது என்று பல காரணங்கள் உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கோழி சோர்ந்து, மூச்சுத் திணறி, கழுத்தைத் திருகினால் அது ராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சலாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டாகவும், 8-வது வாரத்தில் இறக்கையில் ஊசியாகவும் போடுவது வழக்கம். தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் இதற்கான முகாம்களை நடத்துகிறது; தவறவிடாதீர்கள்.

வெள்ளைக் கசிவும் புளித்த நாற்றமும்

ஆசனவாயைச் சுற்றி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிசுபிசுவென்று கசிந்து, தோல் சிவந்து, புளித்த நாற்றம் வீசினால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று. கோழியின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் பூஞ்சைதான் இது. நல்ல நுண்ணுயிரிகள் குறையும்போது பெருகுகிறது. கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் தூளை நாள்கணக்கில் தண்ணீரில் கலந்து கொடுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பூஞ்சையை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. இன்னும் வளரத்தான் விடும். அந்தக் கோழியைத் தனியே வைத்து, தினமும் கழுவி உலர்த்தி, மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தைக் கொடுங்கள். பழைய தீவனத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பேனும் செள்ளும்

உடம்புச் சூடும் ஈரமும் இருப்பதால் பேனும் செள்ளும் முதலில் சேருமிடம் ஆசனவாயைச் சுற்றித்தான். இறகின் அடித்தண்டில் வெண்ணிறக் கட்டியாக ஒட்டியிருப்பவை பேன் முட்டைகள். அடைக்கோழி 21 நாள் முட்டையை விட்டு அதிகம் நகராமல் மண் குளியலும் குறைந்துபோவதால் அதற்குத்தான் தொல்லை அதிகம். மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து நிழலில் ஒரு குழி வைத்தால் கோழி தானே புரண்டு ஓரளவு தீர்த்துக்கொள்ளும். முற்றியிருந்தால் கோழிக்கென்றே உள்ள மருந்தை மருத்துவரிடம் வாங்குங்கள். மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரித்துவிடும் என்பதால் சுமார் 10 நாளில் மறுபடியும் போட வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிமேல் தெளிக்கவே கூடாது.

முட்டை அடைத்துக்கொண்டால்

கோழி அடிக்கடி கூட்டுக்குப் போய் முட்டையிடாமல் திரும்பும், வாலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும், முக்கும், கொண்டை வெளிறும், தீவனம் எடுக்காது. அடிவயிற்றைத் தொட்டால் கல்லாகத் தட்டுப்படும். இது அவசரம். ஓரிரு நாள் விட்டால் கோழி இறந்துவிடும்.

வயிறு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் நிற்கவைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். ஆசனவாயின் ஓரத்தில் வாசலின் தடவலாம். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளேயே முட்டையை உடைக்காதீர்கள். உடைந்த ஓடு முட்டைக்குழாயைக் கிழிக்கும், சீழ் பிடிக்கும். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவர் கால்சியம் ஊசி போடுவார். தேவைப்பட்டால் முட்டையைப் பாதுகாப்பாக எடுப்பார்.

சிவந்த சதை வெளியே தள்ளினால்

முட்டை வரும் நொடியில் முட்டைக்குழாயின் முனை கொஞ்சம் வெளியே புரண்டு உடனே உள்ளே போவது இயற்கை. முட்டையில் எச்சம் படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அது உள்ளே போகாமல் தொங்கினால்தான் ஆபத்து. சிவப்பைக் கண்டதும் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கி, குடலையே இழுத்துப் போட்டுவிடும். அதனால் முதல் வேலை தனியே பிரிப்பதுதான்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை தேக்கரண்டி கலந்து கழுவுங்கள். வீங்கியிருந்தால் வெள்ளைச் சர்க்கரையைக் குழைத்து 10 நிமிடம் வைத்தால் நீர் இறங்கி வீக்கம் வடியும். மறுபடி கழுவி, கையுறையிட்ட விரலில் வாசலின் தடவி, மெதுவாக உள்ளே தள்ளலாம். திரும்பத் திரும்ப வெளியே வந்தாலோ, சதை கறுத்தாலோ, கிழிந்திருந்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். சில நாள் இருட்டில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்தால் முட்டையிடுவது நிற்கும். தசைக்கு ஓய்வு கிடைக்கும். ஒருமுறை வந்த கோழிக்கு மீண்டும் வர வாய்ப்புண்டு.

வேர் தீவனத்தில் இருக்கிறது

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டையிடும். இன்று கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்ட கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்கள் அதைப் போல் இரு மடங்குக்கு மேல் இடுகின்றன. தீவனம் மட்டும் பழைய அரிசிக் குருணையும் மிச்சச் சோறுமாகவே இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தானியங்களில் கால்சியம் மிகுந்த கேழ்வரகிலேயே 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம்தான் இருக்கிறது. குறையும்போது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ரத்தத்திலும் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசை வலுவிழக்கிறது. முட்டை அடைப்பதற்கும் சதை தள்ளுவதற்கும் இது பெரிய காரணம்.

முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும். அதோடு கிளிஞ்சல் தூளையோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓட்டையோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவையான அளவு கோழி எடுத்துக்கொள்ளும். வெயிலில் மேயவிட்டால் வைட்டமின் டி கிடைக்கும். முட்டைக்கு வராத இளங்கோழிக்கு இந்தத் தீவனம் வேண்டாம், சிறுநீரகம் கெடும். கொழுத்த கோழிக்கும் சதை தள்ளும் என்பதால் குருணையை அளந்து போடுங்கள். நான்கைந்து கோழிக்கு ஒன்றாக, சற்று இருட்டான முட்டைக்கூடு வைத்தால் கொத்துவது குறையும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ரத்தம், புழு, உள்ளே போகாத சதை, சில மணி நேரம் தாண்டிய அடைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஒரே சமயத்தில் கழிச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் அந்த முட்டையைத்தான் சாப்பிடுகிறார்கள்.

தினமும் முட்டை கொடுக்கும் கோழிக்கு வலியைச் சொல்ல வாயில்லை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கி அதன் வாலைத் தூக்கிப் பாருங்கள். இன்று மாலையே தொடங்குங்கள்.