டி.சி. கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

பள்ளி திறந்து இரண்டு மாதம் போனால் போதும், சில பெற்றோர் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் பிள்ளையின் பள்ளி டைரி இருக்கும். அதில் சிவப்பு மையில், ‘பக்கத்துப் பையனைக் கடித்தான்’, ‘ஓர் இடத்தில் உட்காருவதில்லை’, ‘பெற்றோர் உடனே நேரில் வரவும்’. வயதைக் கேட்டால் மூன்றரை, நான்கு, மிஞ்சிப் போனால் ஆறு. நேரில் போனவர்களிடம் நிர்வாகம் நயமாகப் பேசி ஒரு வெள்ளைத் தாளை நீட்டியிருக்கும். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லியிருப்பார்கள்: ‘சொந்தக் காரணங்களால் எங்கள் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். மாற்றுச் சான்றிதழ் வழங்கவும்.’ அப்பாவும் அம்மாவும் அவமானத்தில் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வந்து ‘ஏதாவது பண்ண முடியுமா சார்?’ என்றால், பண்ணுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. காகிதத்தின்படி உங்கள் பிள்ளையை யாரும் வெளியேற்றவில்லை, நீங்களே அழைத்துப் போயிருக்கிறீர்கள்.

பள்ளியின் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பே வீட்டில் பல தவறுகள் நடந்து முடிந்திருக்கின்றன.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை பிள்ளைகள் தரையில் புரண்டு அழுவார்கள், அடிப்பார்கள், கடிப்பார்கள். ஆசை பெரிதாக இருக்கிறது, அதைச் சொல்லப் பேச்சு போதவில்லை. பேச்சு கூடக் கூட இது தணியும். தணியவில்லை என்றாலோ, பேச்சே வரவில்லை என்றாலோதான் கவலைப்பட வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாத குழந்தை, இரண்டு வயதில் ‘பால் குடு’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொல் சேர்க்காத குழந்தை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சை இழந்த குழந்தை. இவர்களில் யாரையும் ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்’ என்று வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது ஆட்டிசமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காத்திருப்பதால் மட்டும் யாருக்கும் எந்த லாபமும் வந்ததில்லை.

நடத்தை என்று நாம் நினைப்பது சில நேரம் உடம்பின் கோளாறு. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் பாதிதான் கேட்கும். வகுப்பில் அது முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடும், கூப்பிட்டால் வராது, அடி மட்டும் வாங்கும். மூக்கடைப்போடு இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை, தூக்கம் கெட்டு, பகலில் துறுதுறுவென்று அலையும். அழுது அழுது மூச்சடைத்து உதடு நீலம் பாரிக்கும் குழந்தையை எத்தனை வீட்டில் ‘பிடிவாதம்’ என்கிறார்கள்! இரும்புச்சத்துக் குறைவு இருந்து, அதைச் சரிசெய்தால் பல குழந்தைகளுக்கு இது குறைகிறது. ஆகவே முதலில் காது, ரத்தம், தூக்கம். தாயத்து கட்டுவதென்றால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொரு பழக்கம் எனக்குப் பயத்தையே தருகிறது. பிள்ளை அடங்கித் தூங்கட்டும் என்று சளி மருந்தை ஒரு மூடி ஊற்றிவிடுவது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள், கொடுப்பவருக்கும் கூச்சமில்லை. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. அந்த எழுத்தைப் படியுங்கள். சளியே இல்லாத பிள்ளைக்குத் தூங்கவைப்பதற்காகச் சளி மருந்து எந்த வயதிலும் வேண்டாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு ரகளைக்கும் மூன்று வரி: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். ஒரு தாய் எழுதியிருந்த பக்கம் இது: ‘செவ்வாய் மாலை 5.40. ஃபோனை வாங்கினேன். தலையைச் சுவரில் முட்டினான். பயந்துபோய் ஃபோனைக் கொடுத்துவிட்டேன்.’ அதற்குக் கீழே புதன், வியாழன், சனி. நேரம் மட்டும் மாறியிருந்தது. தலையை முட்டினால் ஃபோன் வரும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது, கற்றுக்கொடுத்தது வீடு. அடி கொடுத்தால் இது போகாது. பயத்தில் நான்கு நாள் அடங்கியிருந்துவிட்டு, தன்னைவிடச் சின்னதாக ஒரு பிள்ளையைப் பார்த்ததும் அதை அடிக்கும்.

ஃபோனை எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். எடுத்த பிறகு கையில் வேறொன்றைக் கொடுங்கள். தலை சுவரில் படாதபடி தலையணையை வையுங்கள், ஃபோனை மட்டும் கொடுக்காதீர்கள். முதல் சில நாள் ரகளை கூடும், பிறகுதான் குறையும். கூடும்போது பயந்து விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை அதைவிடப் பெரிய ரகளை தேவைப்படும். தாத்தாவும் பாட்டியும் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் நடக்காது, அவர்களிடம் முதலில் பேசுங்கள். இரண்டு வயது வரை ஃபோனோ டிவியோ கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகம். சோறூட்ட ஃபோனை நீட்டும் வீடுகளில் இது காதில் விழுவதில்லை.

இதையெல்லாம் செய்தும் மாறவில்லை, அல்லது மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருக்கிறது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். பெயர்ப்பலகையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் என்று இருக்கும், ஊழியர்கள் டி.இ.ஐ.சி. என்பார்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவர், இயன்முறை மருத்துவர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். ஓ.பி. சீட்டு போடுபவருக்கே இப்படி ஒரு மையம் இருப்பது தெரியாமல், குழந்தைகள் வார்டுக்கும் மனநலப் பிரிவுக்கும் அலையவிடுவதும் உண்டு. மையத்தின் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். சேவைக்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவிடமே பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்கலாம். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

போகும்போது தாய்சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். ரகளையை ஒரு நிமிடம் ஃபோனில் படம் பிடித்தும் வைத்திருங்கள். டாக்டர் அறையில் பிள்ளை பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும், ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் சந்திப்பிலேயே அடக்கும் மாத்திரை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். இந்த வயதில் துறுதுறுப்புக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான்.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உறுதியானால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கத் தயங்காதீர்கள். ‘முத்திரை குத்திடுவாங்க’ என்று பயந்தே பலர் வருடங்களைத் தொலைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ், பிறகு மறுபரிசோதனை உண்டு. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்றோடு, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்துகொடுப்பார்கள். விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையின் மருத்துவக் குழு முன்பு பிள்ளையோடு போக வேண்டும். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள், அது இல்லாமல் எங்கும் பேச்சு எடுபடாது. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மத்திய அரசு காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது, பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்புமான ஏ.டி.ஹெச்.டி. மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது தனியாக இல்லை. இதைச் சொல்லாமலே பெற்றோரை மாதக்கணக்கில் அலையவிடும் அலுவலகங்களை என்ன சொல்ல?

வாரப் பயிற்சிக்குத் தனியார் மையத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருக்கிறார்கள், 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சேவை உண்டு. தனியாரிடம்தான் போக வேண்டும் என்றால், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று லட்சங்களில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்காதீர்கள்.

இப்போது பள்ளி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. இது நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்துதான் உங்கள் கையாலேயே விண்ணப்பம் எழுதி வாங்குகிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே எல்.கே.ஜி., ப்ளே ஸ்கூல் என்று வரும்போது இந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மழலையர் பள்ளியில் அடித்தால் கேள்வி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, குழந்தையைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல் என்கிறது. பிள்ளையின் உடலில் தடம் இருந்தால் அன்றே படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

வெள்ளைத் தாளை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ‘யோசித்துச் சொல்கிறோம், நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள். அன்று மாலையே நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியில் அழைத்தீர்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னீர்கள், எங்களுக்குச் சம்மதமில்லை, பிள்ளைக்கு இன்ன மையத்தில் பரிசோதனை நடக்கிறது. ஒரு நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகலோடு போக வேண்டிய இடம் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம். அங்கே ‘மேனேஜ்மென்ட் கிட்ட பேசிக்கோங்க’ என்பார்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு போட்டு எண் வாங்குங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-இல் புகாரைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உள்ள பிள்ளை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு மனு. எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே விவரம். ஒன்றில் கோபமாக நாலு வரி கூடுதலாக எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

இந்த அலைச்சலெல்லாம் பெரும்பாலும் அம்மாக்களின் தலையில்தான் விழுகிறது. தூக்கமில்லாமல், ‘வளர்க்கத் தெரியல’ என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். முடியவில்லை என்று தோன்றும் இரவில் 14416-க்கு அழைக்கலாம். மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும், கட்டணம் இல்லை.

திரும்பவும் சொல்கிறேன்: மாற்றுச் சான்றிதழ் கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக் காலையே, ‘பள்ளி கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்தோம், அதைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று கடிதம் கொடுங்கள். அதன் நகலைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.