நரைக்கு நீலயமரி! பழவங்காடியில் புது மவுசு

பழவங்காடி கணபதிக்கு விடலைத் தேங்காய் போட்டுவிட்டுச் சாலை பஜார் பக்கம் நடந்தால், நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று மைலாஞ்சி. மற்றது நீலயமரி. மலையாளிகள் 'பச்சமருந்துக் கடை' என்று அழைக்கும் இந்தக் கடைகளுக்கு முன்பு கஷாயச் சீட்டுடன் முதியவர்களே வருவார்கள். இப்போது காதோரம் நாலு நரை கண்ட உத்தியோகஸ்தர்களும் பெண்மணிகளும் வருகிறார்கள். எல்லாம் தலைக்குச் சாயம் போடத்தான்!

மைலாஞ்சி நம் மருதாணி. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்து சோஜத் மருதாணிக்குப் பெயர் பெற்றது. 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீலயமரி என்பது அவுரி. துணிக்கு நீலம் தந்த அதே செடி. 1897-ல் ஜெர்மனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்ததும் அவுரிச் சாகுபடி நொடித்தது. வயலை விட்டுப் போன செடி இன்று தலைக்கு ஏறியிருக்கிறது.

இரண்டு வேளை வேலை

மருதாணி மட்டும் பூசினால் நரைமுடி செம்பட்டையாகும். அவுரி மட்டும் பூசினால் நீலமோ பச்சையோ தட்டும். ஆகவே முதலில் மருதாணி. தேயிலை டிகாஷனில் குழைத்து, இரும்புச் சட்டியில் இரவு முழுவதும் ஊற வைப்பது இங்குள்ள வழக்கம். பூசிச் சில மணி நேரம் கழித்து அலசிய பிறகு அவுரிப் பொடி. இதை ஊற வைத்துக் காத்திருக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். அலசியதும் பச்சையாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போய்விடும் என்பது உண்மை. ரயில்வேயில் ஷிப்டு பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய காரியம்தான்!

'கறுப்பு மருதாணி'

இந்த அவசரத்தைத்தான் சில பாக்கெட்டுகள் பயன்படுத்திக் கொள்கின்றன. 'கறுப்பு மருதாணி', 'அரை மணியில் கறுப்பு' என்று மேலே இலைப் படம் இருக்கும். கறுப்பாக மருதாணி எதுவும் கிடையாது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'பாரா பினைலீன் டையமின்' என்று இருந்தால், கறுக்க வைப்பது அந்த ரசாயனமே. சிலருக்கு அது ஒவ்வாது. நாலைந்து முறை சும்மா இருந்துவிட்டு, அடுத்த முறை தோலைத் தாக்குவதும் உண்டு. 2006-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் இதை அவ்வாண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. இதை விழுங்கிவிட்டால் கழுத்து வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் கெடும். தென் மாநில ஆஸ்பத்திரிகளில் இவ்வகை மரணங்கள் பதிவாகியுள்ளன.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவர், மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் இத்தகைய பாக்கெட் ஒன்றைப் பூசினார். காலையில் இரு கண்களும் திறக்க முடியாதபடி வீங்கிவிட்டன. தட்டு மாற்றியது அவருடைய தம்பி. "இலைப் படம் போட்டிருந்ததே ஸார்" என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

சாய டப்பாக்களில் முன்கூட்டிச் சோதிக்கும்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது சட்டம். காதுக்குப் பின்னே சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பதே அந்தச் சோதனை. யார் படிக்கிறார்கள்?

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்தார் 'அவுரி' என்றால் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை இலையைச் சொல்வார்கள். அந்த நினைப்பில் கேட்டு வாங்கினால் நரை நரையாகவே இருக்கும். இங்கே நிலாவாரைக்குச் சுன்னாமுக்கி என்று பெயர். ஆகவே கடையில் 'நீலயமரி' என்றே கேளுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து வையுங்கள். கால் மணியில் மேலே நீலம் படர்ந்தால் சாய அவுரி.