பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, டிரைவர்தான் இல்லை

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த மடிக்கணினி நெய்வேலியில் பல வீடுகளின் அலமாரியில் இன்னும் இருக்கும். முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7-உம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, புதியதை ஏற்றுவோம் என்று உட்கார்ந்தால் வைஃபை காணாமல் போகலாம், ஸ்பீக்கர் ஊமையாகலாம். சிப்பில் ஒரு குறையும் இருக்காது; புதிய பதிப்புக்கான டிரைவர்தான் இருக்காது.

‘இந்தப் பக்கத்தை அச்சிடு’ என்று விண்டோஸ் பொதுவாகத்தான் சொல்லும். அதை அந்தந்தச் சாதனத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது டிரைவர். பல டிரைவர்கள் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. கெர்னலின் உள்ளமைப்பு மாறினால் பழைய டிரைவர் அதில் பொருந்தாமல் போகும். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, திரைக்கான டிரைவர் முறையையே மாற்றியது; அதன் 64 பிட் பதிப்பு டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவர்களை ஏற்க மறுத்தது. 32 பிட்டுக்கு எழுதிய கெர்னல் டிரைவர் 64 பிட்டில் ஓடவே ஓடாது. விற்பனை நின்றுபோன மாடலுக்குப் புதிதாக எழுதித்தர நிறுவனங்களுக்கு அக்கறை இருப்பதில்லை. நல்ல பொருள் குப்பைக்குப் போவது இப்படித்தான். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

லினக்ஸில் வழக்கம் வேறு. டிரைவர் கெர்னலின் மூலநிரலில் ஒருமுறை சேர்ந்துவிட்டால், பிறகு உள்ளமைப்பை மாற்றுகிறவரே அதையும் திருத்தித்தர வேண்டும். ஆனால் சிப்பின் விவரத்தை நிறுவனம் மூடிவைத்தால் அங்கும் சிக்கல்தான். பிராட்காம் தன் புதிய வைஃபை சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது 2010-இல்தான். அதற்கு முந்தையவற்றின் நடத்தையை ஆராய்ந்து தன்னார்வலர்களே எழுதினார்கள்.

விவரம் மூடிவைக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கடைகளில் பில் அடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பாருங்கள். எப்சன் வகுத்து, எல்லாருக்கும் தெரிந்துபோன கட்டளை மொழி அதற்கும் புரியும். அதனால் தனி டிரைவர் கிடைக்காவிட்டாலும், பொருத்தமான எப்சன் டிரைவரையோ விண்டோஸிலேயே உள்ள எழுத்து மட்டும் அச்சிடும் டிரைவரையோ வைத்துச் சமாளிக்கலாம்.

விண்டோஸ் பதிப்பை மாற்றும் முன் அதன் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு சாதனத்தின் ஹார்டுவேர் ஐடியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள பெயரைவிட அந்த எண்தான் சிப்பைச் சரியாகக் காட்டும். புதிய பதிப்புக்கான டிரைவர் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை டிரைவரை மட்டும் முதலிலேயே பென் டிரைவில் இறக்கிவையுங்கள். அது இல்லாவிட்டால் மற்றவற்றை இறக்க இணையமே கிடைக்காமல் போகலாம்.