சுரங்கத்துக்குள் பிறந்த சைக்கிள் ரூட்... ஆறு எண் போதும், ஊரைச் சுற்றலாம்!

சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆறு எண்கள். அவ்வளவுதான். மொபைல் பைக்குள் கிடக்கிறது. ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று யாரும் காதுக்குள் கத்தவில்லை. ஆனாலும் 40 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்துவிடலாம்.

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லிம்பர்க் மாகாணத்தில் இப்படித்தான் சுத்துறாங்க. அங்கே உருவான இந்த முறை, இன்று பெல்ஜியம், நெதர்லாந்து முழுக்கப் பரவி, ஜெர்மனிக்குள்ளும் நுழைந்துவிட்டது. இதன் ஆரம்பம் எங்கே தெரியுமா? பூமிக்கு அடியில், நிலக்கரிச் சுரங்கத்தில்!

1901-ல் லிம்பர்க்கில் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. ஏழு சுரங்கங்கள் வந்தன. இத்தாலி, துருக்கி, மொராக்கோ என்று எங்கெங்கிருந்தோ தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். 1966-ல் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூடியபோது நடந்த போராட்டத்தில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1992-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போச்சு. ‘அங்க போய் என்ன பார்க்கிறது, கரி மலையையா?’ என்று கேட்கும் நிலையில் இருந்த ஒரு பகுதி, அடுத்து எதை வைத்துப் பிழைப்பது?

அப்போது அங்கே சுற்றுலாவுக்கு சைக்கிள் பாதைகளை உருவாக்கும் வேலை, ஹ்யூகோ போலன் என்ற முன்னாள் சுரங்கப் பொறியாளரிடம் வந்தது. சுரங்கத்துக்குள் எல்லாச் சுவரும் ஒரே கறுப்பு, எல்லா வழியும் ஒரே மாதிரி. அதனால் வழிகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். ‘இதையே மேலே செய்தால் என்ன?’ என்று யோசித்தார் போலன். 1995-ல் வந்தது, எண் போட்ட சந்திப்புகளின் வலைப்பின்னல்.

வட்டமா, வலையா?

அதற்கு முன்பும் சைக்கிள் பாதைகள் இருந்தன. எல்லாம் வட்டப் பாதைகள். ஒரு பெயர் வைத்து, வழியெல்லாம் போர்டு நட்டு, கையில் ஒரு கையேடு கொடுத்துவிடுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், 45 கிலோமீட்டர் வட்டத்தில் 20-வது கிலோமீட்டரில் கால் வலித்தால்? ஒன்றும் செய்ய முடியாது, மிதிச்சுத்தான் ஆகணும். ஒரே தெரு வழியாக நாலு வட்டங்கள் போனால், ஒரே கம்பத்தில் நாலு போர்டு தொங்கும். நடுவில் ஒரு சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டால் மொத்த வட்டமும் காலி. அச்சடித்த கையேடும் வேஸ்ட்.

வலையில் இந்தத் தலைவலி இல்லை. உதாரணத்துக்கு, நீங்கள் 12-ம் எண் சந்திப்பில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் போர்டு, 8, 31, 45 என்று மூன்று பக்கம் அம்புக்குறி காட்டும். 45 பக்கம் போகிறீர்கள். வழியில் எங்கே பாதை பிரிந்தாலும், 45 என்று ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். 45 வந்ததும் அங்கிருந்து போகும் வழிகளைப் பார்க்கலாம். தெம்பு இருந்தால் தொலைவில் இருக்கும் எண், வானம் கறுத்தால் வீட்டுப் பக்கம் போகும் எண். முடிவு உங்க கையில.

திட்டமிடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் உண்டு. 12-க்கும் 45-க்கும் நடுவில் பாலம் வேலை நடக்கிறதா? அந்த ஒரு துண்டை மட்டும் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்து மாவட்டமும் சேர ஆசைப்படுகிறதா? எல்லையில் இருக்கும் ஒரு சந்திப்பில் கைகோத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் 1 முதல் 99 வரையிலான எண்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரே எண் அருகருகே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். இந்த வலை நாடு தாண்டிப் பரவியதற்கு இந்த எளிமைதான் காரணம் என்பேன்.

புதுசா ரோடு போட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை! வயலுக்கு நடுவே போகும் சின்னச் சாலை, கால்வாய்க் கரை, காட்டுப் பாதை என்று ஏற்கெனவே இருப்பதைத்தான் கோத்தார்கள். ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் ஓடிய தடத்தையும் நடக்க, சைக்கிள் ஓட்ட ஏற்ற பாதையாக மாற்றியிருக்கிறார்கள். வண்டிகள் பறக்கும் பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடங்கள்தான் சிக்கல். ‘நேர் வழி’ என்று அதன் மேல் கோடு போட்டுவிட்டால், குழந்தையோடு வருபவர் அடுத்த முறை வரவே மாட்டார். சுற்றிப் போனாலும் பரவாயில்லை, பாதுகாப்பான கடவைதான் முக்கியம்.

நடப்பவர்களுக்கும் இதே போல எண் போட்ட வலைப்பின்னல்கள் உண்டு, ஆனால் தனியாக. அது சரிதான். அரை மணி நேரத்தில் சைக்கிள் தாண்டும் தூரத்துக்கு, நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். சைக்கிளுக்கு வழவழப்பான தரை வேண்டும், நடப்பவருக்கு மண்பாதைதான் சுகம். இரண்டு பேரையும் ஒரே குறுகலான பாதையில் விட்டால், பெல் சத்தத்திலும் முறைப்பிலுமே நாள் போய்விடும்.

அடிப்படை வலை உறுதியான பிறகுதான் லிம்பர்க் கொஞ்சம் ‘ஷோ’ காட்ட ஆரம்பித்தது. 2016-ல் பொக்ரைக் அருகே ஒரு குளத்தைப் பிளந்து 212 மீட்டருக்குப் பாதை போட்டார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் உங்கள் கண் மட்டத்தில் நிற்கும், அன்னம் பக்கத்திலேயே நீந்தும். 2019-ல் ஹெக்டெல்-எக்ஸெல் காட்டில், மரங்களுக்கு நடுவே 10 மீட்டர் உயரம் வரை சுற்றிச் சுற்றி ஏறும் 700 மீட்டர் வட்டப் பாலம் வந்தது. அதன் சந்திப்பு எண் 272. இன்ஸ்டாவில் இந்த இரண்டையும் நீங்கள் பார்த்திருக்கலாம். போட்டோ பார்த்து வருபவரை இந்தப் பாலங்கள் இழுக்கும். ஆனால், அவர் அந்த ஒரு மணி நேரத்தோடு திரும்பிவிடாமல், அடுத்த ஊருக்குப் போய் காபி குடித்து, ராத்திரி அங்கேயே ரூம் போட வேண்டும் என்றால், பாலத்திலிருந்து வெளியே போகும் எண்கள் வேண்டும். வலை இல்லாத இடத்தில் பாலத்தை மட்டும் கட்டினால், அது வெறும் செல்ஃபி பாயின்ட்.

இதில் யாரும் போட்டோ எடுக்காத ஒரு வேலையும் இருக்கிறது. வலையில் ஒரே ஓர் அம்புக்குறி காணாமல் போனாலும் ஆள் தொலைந்துவிடுவார். புதர் வளர்ந்து மறைக்கும், லாரி இடிக்கும், யாராவது குறும்புக்காகத் திருப்பி வைப்பார்கள். எதிர்த் திசையில் வருபவருக்கும் அதே இடத்தில் வேறோர் அம்புக்குறி சரியாக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள அங்கே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர், கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்களைக் குறிக்கும் ‘ஞானத்தந்தை’, ‘ஞானத்தாய்’ என்ற அதே சொற்கள். ஆளுக்குக் கொஞ்சம் பாதை. தங்கள் பங்கை சைக்கிளில் சுற்றி வந்து, எந்தப் போர்டு சாய்ந்திருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்று தகவல் கொடுக்கிறார்கள்.