அரியலூர்க் கிளிஞ்சலும் பெருவெள்ளமும்

காக்ஸ் டவுனில் என்னோடு மாலை நடை வரும் நண்பர், பேரனுடன் ஊருக்குப் போனவர், அரியலூர்ப் பக்கம் பொறுக்கிய கிளிஞ்சல் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். "கடல் இல்லாத ஊரில் கிளிஞ்சல்! உலகை அழித்த பெருவெள்ளத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, சார்?" என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் நிலவியல் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவன். ஆனால் வெள்ளத்தை அறிவேன். அந்த அரியலூர் அருகேதான் 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

வெள்ளம் வடிந்த இடத்தைத் தோண்டினால் அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், உச்சியில் வண்டல் இருக்கும். வேகம் குறையக் குறைய, கனமானது முதலில் படியும். ஒரே வெள்ளம் என்றால் அரியலூரிலும் இந்த வரிசைதான் இருக்க வேண்டும். அங்கோ மணற்கல், களிமண், சுண்ணாம்புக்கல் என்று அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. பல அடுக்குகளில் கடலடி உயிரினங்கள் குடைந்து வாழ்ந்த வளைகள் உள்ளன. கல்லமேட்டில் கடல் அடுக்குகளுக்கு மேலே ஆற்றுப் படிவு. அதில் டைனோசர் எலும்புகள். அதற்கும் மேலே நிணியூரில் மறுபடியும் கடல் அடுக்கு. கடல் வந்து, விலகி, திரும்ப வந்திருக்கிறது. இதற்கு எடுத்த காலம் கோடிக்கணக்கான ஆண்டுகள்.

நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. ஒரு புயல் ஒரே நாளில் ஓர் அடுக்கைப் படியவைக்கும். ஆனால் அடுத்த அடுக்கு வரும்வரை உள்ள இடைவெளி நீண்டது.

பேரனிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். சிப்பியின் உட்புறத்தில் வலைபோல் சிற்றுயிர்க் கூடுகள் ஒட்டியிருந்தன. சிப்பி செத்து, வாய் திறந்து, கடலடியில் கிடந்த பிறகே அவை அங்கே குடியேறி வளர்ந்திருக்க முடியும். "அப்போ சிப்பியை வெள்ளம் உடனே மூடலை, தாத்தா!" என்றான் அவனே.

நண்பர் மெல்லக் கேட்டார்: "அப்படியானால் பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா?"

இல்லை என்றேன். வெள்ளத்தில் ஊரை இழந்தவனுக்கு அதுவே உலகத்தின் முடிவு. நம் கடல்கோள் கதைகளும் அப்படிப் பிறந்திருக்கலாம். நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. அதற்கு இந்தக் கல்லைச் சாட்சியாக அழைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளும் வழக்கம்போல் நடக்க வந்தார்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்களே, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.